மூன்றில் ஒருவரா, நூறில் ஒருவரா?

கேள்வி: எனக்கு வயது 27. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். முன்நெற்றியும் உச்சியும் வழுக்கையாகி வந்ததால், தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரையை ஐந்து மாதங்களாகச் சாப்பிடுகிறேன். முடி கொட்டுவது குறைந்திருக்கிறது. தொந்தரவு எதுவும் இதுவரை இல்லை. ஆனால் என் அத்தை மகன், "இதைச் சாப்பிடுகிறவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஆண்மைக் குறைவு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது, ஆராய்ச்சியே இருக்கிறது" என்கிறான். மருத்துவரோ, "இரண்டு சதவீதம் பேருக்குத்தான் வரும், நிறுத்தினால் சரியாகிவிடும்" என்கிறார். தை மாதம் எனக்குத் திருமணம். யார் சொல்வது சரி? மாத்திரைக்குப் பதில் லோஷனாகத் தடவினால் ஆபத்து இல்லையா? திருமணத்துக்கு முன் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரட்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் பாலியல் குறைபாடு, உங்கள் வயதில் இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நேர்கிறது என்பது என் கணிப்பு. அந்த எண் பூஜ்ஜியம் அல்ல. ஆயிரத்தில் ஒன்றா, ஆயிரத்தில் எட்டா என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு யாரும் அதை முறையாக எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் மருத்துவரும் அத்தை மகனும் சொன்ன எண்கள் இரண்டுமே எங்கோ அச்சில் இருப்பவைதான். உங்கள் கேள்விக்கு விடை மட்டும் அவை இரண்டும் அல்ல.

மருத்துவரின் எண்ணிலிருந்து தொடங்குவோம். ஃபினாஸ்டிரைடு 1992-இல் புரஸ்டேட் வீக்கத்துக்காக 5 மி.கி. மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆண் வழுக்கைக்கான 1 மி.கி. மாத்திரைக்கு 1997-இல் அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிக்கு அடிப்படையான ஓராண்டுச் சோதனைகளில் 945 ஆண்கள் மருந்தையும் 934 ஆண்கள் மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் சாப்பிட்டார்கள். ஆசைக் குறைவு, விறைப்புக் குறைபாடு, விந்து வெளியேறுவதில் மாற்றம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைச் சொன்னவர்கள் மருந்துக் குழுவில் 36 பேர், வெற்று மாத்திரைக் குழுவில் 20 பேர். அதாவது 3.8 சதவீதமும் 2.1 சதவீதமும். ஒவ்வொரு தொந்தரவையும் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே 2 சதவீதத்துக்குக் கீழேதான் நிற்கும். "இரண்டு சதவீதம்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது.

எதுவுமே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்ட 20 பேருக்கும் அதே தொந்தரவுகள் வந்தன என்பதைக் கவனியுங்கள். ஓராண்டு காலம் எந்த ஆயிரம் ஆண்களைக் கவனித்தாலும் சிலருக்கு இப்படி நேரும். வேலைப்பளு, தூக்கமின்மை, குடி, சர்க்கரை நோயின் ஆரம்பம் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆக மருந்தின் கணக்கில் எழுத வேண்டியது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. அது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் கீழே.

ஆனால் இவை எல்லாம் மாத்திரை சாப்பிடும்போது வருகிற தொந்தரவுகள். நீங்கள் கேட்டது நிறுத்திய பிறகும் நீடிப்பவை பற்றி. "நிறுத்தினால் சரியாகிவிடும்" என்ற பாதிக்கு ஆதாரம் என்ன? தொந்தரவு காரணமாக மருந்தை நிறுத்தியவர்களுக்கு அது சரியாகிவிட்டது என்று மருந்தின் குறிப்பேடு சொல்கிறது. நல்ல செய்திதான். எத்தனை பேர் அப்படி நிறுத்தினார்கள்? மருந்து தொடர்பான எல்லா வகைத் தொந்தரவுகளுக்காகவும் விலகியவர்கள் மொத்தம் 1.4 சதவீதம், 945 பேரில் அது சுமார் 13 பேர். பாலியல் காரணத்துக்காக நிறுத்தியவர்கள் அதிகபட்சம் அந்த 13 பேருக்குள் அடக்கம்.

இந்த இடத்தில் எங்கள் துறையில் ஒரு எளிய கணக்கு உண்டு. ஒரு குழுவில் ஒருவருக்குக்கூட ஒரு விளைவு நேரவில்லை என்றால், 3-ஐ அந்தக் குழுவின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்; உண்மையான விகிதம் ஏறத்தாழ அந்த அளவு வரை இருக்க வாய்ப்புண்டு. மூவாயிரம் பேரில் ஒருவருக்கும் நேரவில்லை என்றால் ஆயிரத்தில் ஒன்று வரை இருக்கலாம். 13 பேரில் ஒருவருக்கும் நேரவில்லை என்றால்? 23 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது தொந்தரவு வந்து நிறுத்துகிறவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு அது தங்கிவிடுவதாகவே வைத்துக்கொண்டாலும், அந்தச் சோதனையில் அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சோதனை வேறு கேள்விக்காக நடத்தப்பட்டது: முடி வளருமா, வளராதா? அதற்கு அது தெளிவாக விடை சொன்னது. நிறுத்திய பிறகு என்ன ஆகிறது என்பதை அளக்கும் வலு அதற்குக் கிடையாது.

இதற்குப் பின் வந்த சோதனைகளாவது சரி செய்தனவா என்றால், அதுவும் இல்லை. வழுக்கைக்கான ஃபினாஸ்டிரைடு சோதனைகள் 34-ஐ அலசி 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பாதுகாப்பு விவரங்களைப் போதுமான அளவு பதிவு செய்த சோதனை அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று கண்டது. முப்பத்து நான்கில் ஒன்றுமில்லை! மருந்தியல் கற்பிக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்வதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் நோயாளிகளின் குரல் எழுந்துவிட்டது. நிறுத்திய பிறகும் விறைப்புக் குறைபாடு தொடரலாம் என்ற எச்சரிக்கை 2011-இல் அமெரிக்கக் குறிப்பேட்டில் ஏறியது. 2012-இல் ஆசைக் குறைவு, விந்து வெளியேறுதல், உச்சநிலை தொடர்பான தொந்தரவுகளும் சேர்க்கப்பட்டன. எனவே "நிறுத்தினால் எல்லாருக்கும் சரியாகிவிடும்" என்பது மருந்தோடு வரும் தாளிலேயே இப்போது இல்லாத வாசகம். உங்கள் மருத்துவர் பழைய பாடத்தைச் சொல்லியிருக்கிறார்.

இனி அத்தை மகனின் ஆராய்ச்சி. அவர் எதைப் படித்திருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 16 முதல் 42 வயது வரையுள்ள, நாளுக்கு 1.25 மி.கி. வரை ஃபினாஸ்டிரைடு எடுத்த ஆண்கள் 4,284 பேர். அவர்களில் புதிதாக விறைப்புக் குறைபாடு வந்தவர்கள் 103 பேர். அந்த 103 பேரில், மருந்தை நிறுத்தி 90 நாட்களுக்குப் பிறகும் குறைபாடு நீடித்தவர்கள் 34 பேர்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். இனி நான் சொல்லவே வேண்டாம். 34-ஐ 103-ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று. அதே 34-ஐ 4,284-ஆல் வகுத்தால் 0.8 சதவீதம். ஆய்வு ஒன்றே, அந்த 34 பேரும் அவர்களேதான். உங்கள் அத்தை மகன் சொன்ன மூன்றில் ஒன்று, ஏற்கெனவே தொந்தரவு வந்துவிட்டவர்களுக்கானது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவருக்கான எண் 0.8 சதவீதம். தொந்தரவு எதுவும் இல்லாத உங்களுக்கு முதல் எண் பொருந்தாது. நாளைக்குத் தொந்தரவு தொடங்கினால் அது பொருந்த ஆரம்பிக்கும். அதனால்தான் "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று இழுத்தடிக்காமல் அப்போதே மருத்துவரிடம் போக வேண்டும் என்கிறேன்.

இந்த 0.8-ஐயும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைக் கூட்டிக் காட்டும் காரணங்களும் குறைத்துக் காட்டும் காரணங்களும் உள்ளன. மருந்தே சாப்பிடாத அதே வயது ஆண்களின் குழு ஒன்றோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கழித்துச் சொன்ன எண் அல்ல அது. மருந்து இல்லாமலும் 34 பேரில் சிலருக்கு இது வந்திருக்கும். மறுபக்கம், மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லிப் பதிவேட்டில் ஏறியவர்கள் மட்டுமே அந்தக் கணக்கில் வருவார்கள். வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்துவிட்டவர் அதில் இல்லை. ஆசைக் குறைவு, மனச்சோர்வு போன்றவையும் அந்த எண்ணில் சேரவில்லை. இரண்டு பக்கத்துப் பிழைகளும் ஒன்றையொன்று சமன் செய்கின்றனவா என்று எனக்குக் காட்டும் தரவு எதுவும் இல்லை. எனவே நான் அதை மேல் எல்லைக்கு அருகில் உள்ள ஓர் எண்ணாக வைத்துக்கொண்டு, "நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே" என்று சொல்கிறேன்.

அதே கட்டுரையில் உங்கள் கண்ணில் படக்கூடிய இன்னொரு எண், 205 நாட்கள். அதற்கு மேல் சாப்பிட்ட இளைஞர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நீடித்த குறைபாடு 4.9 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஐந்து மாதம் முடித்திருக்கும் நீங்கள் நாட்காட்டியைப் பார்த்துப் பதற வேண்டாம். 4.9 மடங்கு என்பது பெரிதாகத்தான் ஒலிக்கும். அதையே ஆட்கணக்கில் மாற்றினால், அவ்வளவு நீண்ட காலம் எடுக்கும் 108 பேருக்கு ஒருவர் கூடுதல் என்று அவர்களே சொல்கிறார்கள். 205-ஆம் நாளில் உடலுக்குள் ஏதோ ஒரு கதவு சாத்திக்கொள்வதில்லை. நீண்ட காலம் மருந்து எடுப்பவருக்கு, வேறு காரணத்தால் பிரச்சினை தோன்றவும் அதிக காலம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இணையக் குழுக்களில் நடக்கும் வாக்கெடுப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அத்தை மகன் அடுத்து அதைத்தான் அனுப்புவார். காய்ச்சல் பிரிவின் காத்திருப்பு அறையில் நின்று தலை எண்ணிவிட்டு, ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்று சொல்வது போன்றது அது. அங்கே எழுதுகிறவர்களின் துன்பம் உண்மை. அவர்களை வைத்து விகிதம் போட முடியாது, அவ்வளவுதான். 2011-இல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 71 பேரை நேர்கண்டு வெளிவந்த ஆய்வுக்கும் இதே வரம்பு உண்டு. அவர்கள் என்ன அனுபவித்தார்கள் என்று அது காட்டியது. எத்தனை பேரிலிருந்து வந்த 71 என்று அதிலிருந்து அறிய வழியில்லை.

அரசு அமைப்புகளுக்கு வரும் புகார்களுக்கும் இதே குறைதான். ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025 மே மாதம் ஒரு மறு ஆய்வை முடித்தது. தற்கொலை எண்ணம் ஃபினாஸ்டிரைடின் பக்கவிளைவே என்று அது உறுதி செய்தது. ஆராய்ந்த 325 புகார்களில் 313 ஃபினாஸ்டிரைடு தொடர்பானவை. உலகம் முழுக்க அந்த மருந்தின் பயன்பாடு சுமார் 27 கோடி ஆள்-ஆண்டுகள் (ஒருவர் ஓராண்டு சாப்பிட்டால் அது ஓர் ஆள்-ஆண்டு). 313-ஐ 27 கோடியால் வகுத்து "லட்சத்தில் ஒன்றுகூட இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அப்படி வகுக்கக் கூடாது. புகார் எழுதுகிறவர் நூறில் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? முகமையும் வகுக்கவில்லை. "எவ்வளவு அடிக்கடி: தெரியவில்லை" என்றே எழுதியது. அந்தச் சொல்லை மக்கள் "அபூர்வம்" என்று படித்துவிடுகிறார்கள். ஐரோப்பியக் குறிப்பேடுகளில் அபூர்வம் என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் கீழே என்று வரையறை உண்டு. தெரியவில்லை என்றால், இருக்கும் தரவைக் கொண்டு கணிக்க இயலாது என்று மட்டுமே பொருள்.

புகார்கள் செய்தியைப் பின்தொடர்ந்து பெருகும் என்பதும் உண்மை. உலகளாவிய புகார்த் தொகுப்பை அலசிய 2021-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மனநலம் சார்ந்த புகார்கள் வழுக்கைக்காக மருந்து எடுத்த இளைஞர்களிடம் தூக்கலாகத் தெரிந்தன. புரஸ்டேட்டுக்காக எடுத்த முதியவர்களிடம் அப்படித் தெரியவில்லை. 2012-க்குப் பிறகு, அதாவது எச்சரிக்கைகள் பரவலான பிறகு, அவை கூடின. பயம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. பயத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

பயத்தின் பங்கை நேரடியாக அளந்த சோதனை ஒன்று இத்தாலியில் நடந்து 2007-இல் வெளியானது. புரஸ்டேட் வீக்கம் உள்ள 120 ஆண்களுக்கு 5 மி.கி. ஃபினாஸ்டிரைடு கொடுத்தார்கள். ஒரு பாதிக்குப் பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொன்னார்கள். மறு பாதிக்குச் சொல்லவில்லை. ஓராண்டு முடிவில் சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதமும் சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதமும் தொந்தரவைத் தெரிவித்தார்கள். இதைக் காட்டி "எல்லாம் மனப்பிரமை" என்று நோயாளியை விரட்டுகிற மருத்துவர்களோடு நான் உடன்படுவதில்லை. எதிர்பார்ப்பால் வரும் விறைப்புக் குறைபாடும் விறைப்புக் குறைபாடுதான். ஆனால் உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. இரவில் இதையே படித்துக்கொண்டு படுக்கிறவருக்கு, தை மாதத்தில் மாத்திரை செய்வதைவிடப் பதற்றம் அதிகம் செய்துவிடும்.

மருந்து ரத்தத்திலிருந்து சில நாட்களில் வெளியேறிவிடுகிறது. அது குறைத்து வைத்த ஹார்மோனும், அதாவது டி.எச்.டி.யும், நிறுத்தி இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு ஏன் சிலருக்குத் தொந்தரவு நீடிக்கிறது என்று கேட்டால், உறுதிப்பட்ட விளக்கம் இன்னும் இல்லை. டி.எச்.டி.யை உருவாக்கும் நொதியைத்தான் இந்த மருந்து தடுக்கிறது; மூளையில் வேலை செய்யும் சில ஸ்டீராய்டுகளும் அதே நொதியின் வழியாகத்தான் உருவாகின்றன என்பது தெரியும். அதற்கு மேல் ஊகம். விளக்கம் கிடைக்கவில்லை என்பதற்காக நடந்ததை இல்லை என்று மறுக்க முடியாது.

சரி, என்ன செய்வது? தராசின் மறு தட்டையும் பாருங்கள். இரண்டு ஆண்டுச் சோதனையில், முடி எண்ணிக்கை ஆரம்ப நிலையைவிடக் குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் 17 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 72 சதவீதம். இது சிறிய நன்மை அல்ல. நிறுத்தினால் ஓராண்டுக்குள் அந்த லாபம் போய்விடும் என்பதும் உண்மை. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான, ஆனால் வந்தால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடிய ஒரு பாதிப்புக்கு எதிராக இந்த நன்மையை எடைபோட்டுப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். என்னால் உங்களுக்காக அதைச் செய்ய முடியாது. முன்பே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவராகவோ, பாலியல் தொந்தரவு இருந்தவராகவோ நீங்கள் இருந்தால், தொடர வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டும் இல்லை, முடி உங்களுக்கு முக்கியம், இந்த அளவு ஆபத்தை ஏற்கும் மனம் இருக்கிறது என்றால் தொடர்வதில் தவறில்லை. பயம் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்றால் நிறுத்திவிடுங்கள்; முடிக்காக அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

தொடர்ந்தால், இப்போதைய நிலையை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள்: ஆசை, காலை விறைப்பு, மனநிலை, தூக்கம். பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம். மனம் மிகவும் தளர்ந்தாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம். எந்தப் பக்கவிளைவையும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். நம் நாட்டில் இந்த மருந்து எவ்வளவு விற்கிறது என்று மருந்துக் கடைகளுக்குத் தெரியும்; யாருக்கு என்ன ஆயிற்று என்பது இப்படிச் சொன்னால்தான் பதிவாகும்.

லோஷன் பற்றி: தலையில் தடவும் ஃபினாஸ்டிரைடும் ரத்தத்தில் சேரும், மாத்திரையைவிடக் குறைவாக. ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. கலவையாகத் தயாரித்து விற்கப்படும் இத்தகைய லோஷன்கள் தொடர்பாக 2019 முதல் 2024 வரை தனக்கு வந்த 32 புகார்களைச் சுட்டி, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. நிறுத்திய பிறகும் நீடித்த தொந்தரவுகளும் அவற்றில் இருந்தன. முடி வளரத் தடவும் இன்னொரு மருந்தான "மினாக்சிடில்" என்று நினைத்து வாங்கும் புட்டியில் ஃபினாஸ்டிரைடும் சேர்ந்திருப்பது நம் கடைகளில் சாதாரணம். லேபிளைப் படித்து வாங்குங்கள். மினாக்சிடில் மட்டும் உள்ள லோஷன் வேறு வழியில் வேலை செய்கிறது, அதற்கு இந்த ஹார்மோன் பிரச்சினை இல்லை. பலன் குறைவாக இருக்கலாம்; உச்சந்தலை அரிக்கலாம்; ஆரம்பத்தில் முடி கூடுதலாகக் கொட்டிப் பயமுறுத்தும்.

கடைசிக் கேள்வி, பெண்ணிடம் சொல்வது. இரு வீட்டுப் பெரியவர்களும் கூடி விவாதிக்க வேண்டிய விஷயம் அல்ல இது. ஆனால் அவரிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. சிலருக்கு இந்த மருந்தால் விந்தணு எண்ணிக்கை குறைவதும் நிறுத்தினால் மீள்வதும் பதிவாகியிருக்கிறது. எனவே குழந்தைக்குத் திட்டமிடும்போது இருவரும் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதோடு, உடைந்த அல்லது பொடியான ஃபினாஸ்டிரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக் கூடாது. ஆண் கருவின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கலாம். மேசை டிராயரில் கிடக்கும் அட்டை என்ன மாத்திரை என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.